சுவரை ஒட்டிய அரை மில்லிமீட்டரில் காற்றை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரி விண்ட் டனலில் 3 மீட்டர் நீள அலுமினியத் தகட்டின் மேல் உருவாகும் கொந்தளிப்பு எல்லை அடுக்கை (தகட்டின் உராய்வால் வேகம் குறைந்து, தாறுமாறாக ஓடும் காற்றுப் படலம்) ஹாட்-வயர் (மின்சாரத்தால் சூடாக்கிய மெல்லிய கம்பி) வைத்து அளக்கிறேன். காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். தகட்டை நோக்கி இறங்க இறங்க வேகம் ஒழுங்காகக் குறைகிறது. கடைசி மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் மறுபடி கூடுகிறது. இது உண்மையா, கருவிப் பிழையா? லேசர் முறைக்கு மாறினால் தீர்ந்துவிடுமா? அடுத்த கட்டமாகத் தகட்டில் ஒரு படி வைத்து அதன் பின்பக்கம் அளக்க வேண்டும். அதற்கும் இதே வயர் போதுமா?

பதில்:

அந்த ஏற்றம் காற்றில் இல்லை. சூடான கம்பியிலிருந்து தகட்டுக்குப் போகும் வெப்பத்தையும் உங்கள் கருவி காற்றின் வேகமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஹாட்-வயரோடு சுவரருகே இறங்கிய எல்லோரும் இந்த வளைவைப் பார்த்திருப்பார்கள். ஆனால் "அந்தப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. அவற்றுக்கு மேலே, பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் புள்ளிகளிலும் பிழை இருக்கலாம். அந்தப் பிழை வளைவை உடைக்காது, அதனால் கண்ணுக்கும் படாது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

முதலில் இந்த ஏற்றம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பியாக இருக்கும். வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் ஒரு கையில் அது இருக்கிறது. அதன் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் ஒரே அளவில் நிற்கும்படி பின்னூட்டப் பெருக்கி மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. காற்று எவ்வளவு வெப்பத்தை அள்ளிப் போகிறதோ அவ்வளவையும் மின்சாரம் ஈடுகட்ட வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கம், வேகத்தின் ஏறக்குறைய வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும் என்று எல்.வி. கிங் 1914-இல் காட்டிய உறவை வைத்து அதை வேகமாக மாற்றுகிறோம். இந்தக் கணக்கில் ஒரு அனுமானம் மறைந்திருக்கிறது: கம்பி இழக்கும் வெப்பமெல்லாம் காற்றோடுதான் போகிறது என்பது. கம்பியைச் சுற்றிச் சூடான காற்று ஓர் உறைபோல நிற்கிறது. வேகம் குறையக் குறைய அந்த உறை பருக்கும். சுவருக்கு அருகில் வேகமும் குறைவு, இடைவெளியும் குறைவு. உறையின் விளிம்பு தகட்டைத் தொட்டதும் வெப்பம் காற்றைத் தாண்டி உலோகத்துக்குள் இறங்குகிறது. அலுமினியம் அதை வாங்கிப் பரப்பிவிட்டு, தான் குளிர்ச்சியாகவே இருக்கும். பெருக்கிக்கு இந்த வேறுபாடு தெரியாது. வெப்பம் போகிறது, எனவே காற்று வேகமாக வீசுகிறது என்றுதான் அது சொல்லும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். டனலை நிறுத்திவிட்டு, காற்று அசையாத நிலையில் கம்பியை மேலிருந்து தகட்டை நோக்கி மெதுவாக இறக்குங்கள். மின்னழுத்தம் எந்த உயரத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாதபோது வரும் அந்த ஏற்றம் முழுக்க முழுக்கத் தகட்டினுடையது. இதை வைத்து நேரடியாகத் திருத்தம் செய்ய முடியாது, ஏனெனில் காற்று ஓடும்போது உறையின் வடிவம் மாறிவிடும். ஆனாலும் எங்கே ஆபத்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். வெளியான திருத்தச் சூத்திரங்கள் பல இருக்கின்றன. அவை சுவரின் பொருளையும் கம்பியின் அளவையும் பொறுத்து மாறுகின்றன என்பதால், கண்ணை மூடிக்கொண்டு எதையும் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அளவிடும் இடத்தில் மட்டும் அலுமினியத்தை வெட்டி வெப்பத்தை அதிகம் கடத்தாத பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சமமட்டமாகப் பொருத்தினால் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும். தீர்ந்துபோகாது.

இனி அளவுகள். சுவரருகே மில்லிமீட்டரில் யோசிப்பதை விட்டுவிட்டு, ஓட்டமே தரும் அலகில் யோசிக்கப் பழக வேண்டும். சுவர் மீதான உராய்வுத் தகைவைக் காற்றின் அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உராய்வு வேகம் கிடைக்கும். காற்றின் இயக்கப் பாகுநிலையை (பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்த அளவு) அந்த வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளம்தான் ஒரு சுவர் அலகு. உங்கள் தகட்டின் முடிவில் உராய்வு வேகம் வினாடிக்குச் சுமார் 0.4 மீட்டர் இருக்கும். அப்படியானால் ஒரு சுவர் அலகு ஏறத்தாழ 37 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பாதித் தடிமன். பாகுநிலை முழு ஆட்சி செய்யும் அடித்தளம் முதல் 5 அலகுகள், உங்கள் தகட்டில் 0.19 மி.மீ. வேகத்தின் ஏற்ற இறக்கம் மிக அதிகமாக இருக்கும் இடம் 15 அலகுகளை ஒட்டி, அதாவது சுமார் 0.56 மி.மீ. உயரத்தில். சராசரி வேகம் உயரத்தின் மடக்கையைப் பின்பற்றி ஏறும் என்ற மடக்கை விதி 30 அலகுகளுக்கு மேல், சுமார் 1.1 மி.மீ. உயரத்தில் தொடங்கி 9 மி.மீ. வரை போகும். எல்லை அடுக்கின் மொத்தத் தடிமன் 6 செ.மீ. அளவில் இருக்கும்.

இந்த எண்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உங்கள் வரைபடத்தை மறுபடி பாருங்கள். 6 செ.மீ. தடிமனுள்ள அடுக்கில், அரை மில்லிமீட்டர் உயரத்திலேயே சராசரி வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வெளிக்காற்றின் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அடுக்கின் நூறில் ஒரு பங்கு உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கொந்தளிப்பின் ஆற்றல் மிகத் தீவிரமாக உற்பத்தியாவதும் இந்த மெல்லிய பட்டையில்தான். 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் எல்லை அடுக்கு என்ற கருத்தை முன்வைத்த காலம் முதல் இந்தப் பட்டை எல்லாரையும் இழுத்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சிலர் கேட்பதுண்டு: சுவரை அவ்வளவு நெருங்கினால் காற்றை ஒரு தொடர்ச்சியான பாய்மமாக நினைக்கலாமா என்று. தாராளமாக நினைக்கலாம். காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு இடையில் கடக்கும் சராசரித் தூரம் 0.07 மைக்ரான்தான். உங்கள் சுவர் அலகு அதைவிட ஐந்நூறு மடங்கு பெரியது. சுவரில் காற்று வழுக்காது, அங்கே வேகம் சுழியம் என்பதில் ஐயம் வேண்டாம்.

கண்ணில் படாத பிழை என்று சொன்னேனே, அது இப்போது வருகிறது. கம்பியின் நீளம் 1 மி.மீ. என்றால் அது 27 சுவர் அலகுகள். கம்பி தன் நீளம் முழுவதிலும் வேகத்தைச் சராசரி எடுக்கிறது. சுவரருகே ஓட்டம் அகலவாட்டில் ஒரே மாதிரி இருப்பதில்லை. மெதுவான பட்டைகளும் வேகமான பட்டைகளும் மாறி மாறி நீளவாக்கில் ஓடுகின்றன. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் க்ளைனும் அவர் குழுவினரும் நீரில் மெல்லிய கம்பியிலிருந்து ஹைட்ரஜன் குமிழ்களை வரிசையாக விட்டு இந்தப் பட்டைகளை உலகத்துக்குக் காட்டினார்கள். அவற்றின் சராசரி இடைவெளி சுமார் 100 சுவர் அலகுகள். உங்கள் தகட்டில் அது 4 மி.மீ.க்கும் குறைவு. அந்த அளவிலும் அதைவிடச் சிறிய அளவிலும் நடக்கும் மாற்றங்களை 1 மி.மீ. கம்பி மழுங்கடிக்கும். சராசரி வேகம் பெரிதாகக் கெடாது, அதனால் உங்கள் வேக வரைபடம் அழகாகவே இருக்கும். ஏற்ற இறக்கத்தின் உச்சம் மட்டும் ஏறத்தாழ பத்து சதவீதம் தாழ்ந்து வரும், நீங்களும் அது ஓட்டத்தின் இயல்பு என்று எழுதிவிடுவீர்கள்.

கம்பி நீளம் 20 சுவர் அலகுகளுக்குள் இருக்க வேண்டும் என்று லிக்ரானியும் பிராட்ஷாவும் 1987-இல் காட்டினார்கள். கம்பியைச் சும்மா குட்டையாக்கிவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். நீளம் தடிமனைப்போல் 200 மடங்காவது இல்லாவிட்டால், கம்பியின் இரு முனைகளிலும் பிடித்திருக்கும் தாங்கிகளுக்கு வெப்பம் ஓடிவிடும். 5 மைக்ரான் கம்பிக்கு 200 மடங்கு என்பது சரியாக 1 மி.மீ. ஆகவே நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் தடிமனையும் குறைத்தாக வேண்டும். 2.5 மைக்ரான் பிளாட்டினம் கம்பியில் 0.5 மி.மீ. உணர்பகுதி என்றால் உங்கள் டனலில் அது 13 அலகுகள். இது கிடைக்கும் பொருள்தான், பழகிய கையால் ஆய்வகத்திலேயே ஒட்டவும் முடியும். வெள்ளி உறை போட்ட பிளாட்டினம் கம்பியைத் தாங்கிகளில் பற்றவைத்து, நடுப்பகுதியில் மட்டும் அமிலத்தால் வெள்ளியைக் கரைத்து எடுப்பார்கள். பொறுமை தேவைப்படும் வேலை. செய்ய முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் ஆய்வின் தரத்தை வேறெதுவும் இந்த அளவுக்கு உயர்த்தாது.

இந்த நீளப் பிரச்சினை வெறும் நுணுக்கம் இல்லை, பெரிய விவாதங்களே இதில் சிக்கியிருக்கின்றன. 1971-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நாரஹரி ராவ், ரொத்தம் நரசிம்மா, பத்ரி நாராயணன் ஆகிய மூவரும் ஹாட்-வயர் சமிக்ஞையை வடிகட்டி, சுவரருகே கொந்தளிப்பு திடீர் திடீரென வெடிப்புகளாக எழுவதை எண்ணினார்கள். இரண்டு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் சுவர் அலகுகளைச் சார்ந்தில்லை, அடுக்கின் மொத்தத் தடிமனையும் வெளிக்காற்றின் வேகத்தையும் சார்ந்தது என்று கண்டார்கள். தடிமனை வேகத்தால் வகுத்து வரும் காலத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு. உங்கள் டனலுக்கு அது 30 மில்லிவினாடி. சுவரில் நடப்பதைச் சுவர்தான் தீர்மானிக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தபோது வந்த முடிவு அது. பிறகு 1983-இல் பிளாக்வெல்டரும் ஹரிடோனிடிஸும் மிகச் சிறிய உணரிகளால் அளந்து, உணரி 20 அலகுகளுக்குள் இருந்தால் வெடிப்புகளின் எண்ணிக்கை சுவர் அலகுகளைத்தான் பின்பற்றுகிறது என்றார்கள். நீளமான உணரி சிறு வெடிப்புகளை விழுங்கிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 2007-இல் மெல்பர்னிலிருந்து ஹட்சின்ஸும் மருசிச்சும், அடுக்கின் தடிமனைப்போல் பல மடங்கு நீளமுள்ள மாபெரும் அமைப்புகள் சுவரடிவரை தம் சுவட்டைப் பதிக்கின்றன என்று காட்டியபோது, வெளி ஓட்டத்துக்குச் சுவரில் பங்கு உண்டு என்ற பெங்களூரு உள்ளுணர்வுக்குப் புதிய வலு கிடைத்தது என்றே நான் படிக்கிறேன். வெடிப்பு என்று எதை எண்ணுவது, எந்த நீளக் கம்பியால் எண்ணுவது என்ற இரண்டும் விடையை மாற்றக்கூடியவை.

சிறிய கம்பி கிடைக்காவிட்டால் அலகைப் பெரிதாக்கலாம் என்பது இன்னொரு வழி. ஜெர்மனியின் கோட்டிங்கனில் எக்கல்மன் காற்றுக்குப் பதில் எண்ணெயை ஓடவிட்டார். பாகுநிலை அதிகம் என்பதால் அடித்தள அடுக்கே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்தது. 1974-இல் வெளியான அந்த அளவீடுகளை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். காற்றையே விடாமல் வைத்திருக்க விரும்பியவர்கள் டனலைப் பெரிதாக்கினார்கள். மெல்பர்ன் டனலின் சோதனைப் பகுதி 27 மீட்டர் நீளம். இத்தாலியின் பிரெடாப்பியோவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தொழிற்சாலையின் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் 0.9 மீட்டர் விட்டமும் 110 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட குழாயை அமைத்திருக்கிறார்கள். தடிமனான அடுக்கும் மிதமான வேகமும் சேர்ந்தால், ரெனால்ட்ஸ் எண்ணும் (பாகுநிலையைவிட ஓட்டத்தின் உந்தம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதன் அளவு) உயரும், சுவர் அலகும் கம்பிக்கு எட்டும் அளவில் இருக்கும். பிரின்ஸ்டனில் நேர் எதிர்த் திசையில் போனார்கள். 129 மி.மீ. விட்டமுள்ள குழாயில் காற்றை 200 வளிமண்டல அழுத்தம்வரை அமுக்கினார்கள். சுவர் அலகு மைக்ரானுக்கும் கீழே போய்விட்டது. அதனால் சிலிக்கான் சில்லு தயாரிக்கும் முறையில் 60 மைக்ரான் நீளத்துக்கு ஒரு பிளாட்டினம் பட்டையைச் செய்து அதையே உணரியாக வைத்தார்கள்.

உங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை. வேகத்தை 10-லிருந்து 5 ஆகக் குறைத்தாலே சுவர் அலகு ஏறக்குறைய இரு மடங்காகும். அதே 1 மி.மீ. கம்பி அப்போது 15 அலகுகளுக்கு வந்துவிடும். ரெனால்ட்ஸ் எண் பாதியாகும். உங்கள் ஆய்வுக்கு அது இழப்பா இல்லையா என்று வழிகாட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் இழப்பு இருக்காது.

அடுத்தது சுவர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. இது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும், ஆனால் நிறையப் பேரின் தரவு இங்கேதான் வீணாகிறது. உயரத்தில் 0.02 மி.மீ. பிழை என்றால் பாதிச் சுவர் அலகுக்கும் மேல். நான்காவது அலகில் அது பன்னிரண்டு சதவீதத்துக்கும் அதிகமான பிழை. தகட்டைக் கண்ணாடிபோல மெருகேற்றி, கம்பியையும் அதன் பிம்பத்தையும் அளவுகோல் பதித்த தொலைநோக்கி வழியே ஒன்றாகப் பார்த்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் பாதியை எடுங்கள். டனல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காற்று வீசும்போது தாங்கித் தண்டு வளையும், தகடும் சற்றே அசையும். டனலை நிறுத்தி எடுத்த சுழியப் புள்ளி, ஓடும்போது பொருந்தாது. நகர்த்தும் திருகில் தளர்ச்சி இருக்கும், அதனால் எப்போதும் ஒரே திசையிலிருந்து மட்டும் புள்ளிகளுக்கு வாருங்கள். தாங்கிகள் கீழ்நோக்கி வளைந்த, எல்லை அடுக்குக்கென்றே செய்யப்பட்ட உணரியைப் பயன்படுத்துங்கள். நேரான உணரியின் உடல் சுவரருகே ஓட்டத்தையே மாற்றிவிடும்.

சுவர் உராய்வை எப்படிப் பெறுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மடக்கை விதியோடு பொருத்தி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிளாசர் 1954-இல் தந்த அந்த முறை வசதியானது, முதல் மதிப்பீட்டுக்கு நல்லது. ஆனால் அது மடக்கை விதியின் சரிவைத் தீர்மானிக்கும் கார்மன் மாறிலியை 0.41 என்றோ 0.38 என்றோ முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்த முறையில் எடுத்த உராய்வை வைத்துத் தரவை வரைந்துவிட்டு "என் அளவீடு மடக்கை விதியோடு பொருந்துகிறது" என்று எழுதினால், பொருந்தும்படி செய்தது நீங்களே. தனி வழியில் உராய்வை அளந்தால்தான் உங்கள் வரைபடத்துக்குச் சாட்சி கிடைக்கும்.

அந்தத் தனி வழி எவ்வளவு கடினம் என்பதை எண்களே சொல்லும். உங்கள் தகட்டில் உராய்வுத் தகைவு சுமார் 0.19 பாஸ்கல். 10 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு பகுதியின் மேல் காற்று இழுக்கும் விசை 0.2 கிராம் எடைக்குச் சமம். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மனின் மாணவராக இருந்த சதீஷ் தவான் இதைத்தான் நேராக அளந்தார். சுவரில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, வளையும் மெல்லிய தாங்கிகளில் மிதக்கவிட்டு, காற்று அதை இழுக்கும்போது ஏற்படும் நுண்ணிய நகர்வை மின் முறையில் படித்தார். ஒலியினும் குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் அவர் எடுத்த அளவுகள் 1953-இல் நாசாவின் முன்னோடி அமைப்பான நாகாவின் (NACA) அறிக்கையாக வெளிவந்தன. பிற்காலத்தில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இஸ்ரோவின் தலைவராகவும் இருந்தவர், இன்று ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவர்தான். மிதக்கும் துண்டைச் சுற்றியுள்ள இடுக்கும், அது சுவரைவிட ஓரிரு பத்து மைக்ரான் உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பதும் பிழையைக் கொண்டுவரும் என்பதால், அந்த வேலை எவ்வளவு கைநேர்த்தியைக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது எண்ணெய்ப் படல முறை. தகட்டின் மேல் பாகுநிலை தெரிந்த சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். காற்று அதை மெல்லிய ஆப்பு வடிவில் பரப்பும். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் தெரியும். கோடுகளின் இடைவெளி நேரத்தோடு சீராக விரியும், விரியும் வேகத்திலிருந்து உராய்வு நேரடியாக வரும். டானரும் புளோஸும் 1976-இல் கொடுத்த முறை இது. மடக்கை விதியோ மாறிலியோ எதுவும் வேண்டாம். கவனமாகச் செய்தால் ஒன்றிரண்டு சதவீதத் துல்லியம் கிடைக்கும். அலுமினியத்தில் கோடுகள் மங்கலாகத் தெரியும், கறுப்புக் கண்ணாடித் துண்டு அல்லது மைலார் தாள் ஒட்டினால் தெளிவாக இருக்கும். எண்ணெயின் வெப்பநிலையை மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி ஏறினால் பாகுநிலை சுமார் 2 சதவீதம் இறங்கும். மொத்தச் செலவும் ஒரு ஹாட்-வயர் உணரியின் விலைக்குள் அடங்கிவிடும்.

வெப்பநிலை கம்பிக்கும் எதிரிதான். காற்று ஒரு டிகிரி சூடானால், திருத்தாத ஹாட்-வயர் வேகத்தைச் சுமார் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். குளிர்விப்பான் இல்லாத டனலில் விசிறியின் ஆற்றலெல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். ஒவ்வொரு புள்ளியிலும் பெரிய அமைப்புகளின் சராசரி நிலைபெற இரண்டு நிமிடமாவது தரவு எடுக்க வேண்டும். 40 புள்ளிகள் என்றால் 80 நிமிடம். அதற்குள் இரண்டு மூன்று டிகிரி ஏறுவது சாதாரணம். அளவீட்டுக்கு முன்பும் பின்பும் கேலிப்ரேஷன் (தெரிந்த வேகங்களோடு கம்பியின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு வளைவு எடுப்பது) செய்து, இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் வைத்துத் திருத்துங்கள்.

கேலிப்ரேஷனில் இன்னொரு பொறி இருக்கிறது. வினாடிக்கு 10 மீட்டரில், அழுத்த வேறுபாட்டால் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் 60 பாஸ்கல் காட்டும், எளிதாக அளக்கலாம். 1 மீட்டரில் 0.6 பாஸ்கல்தான், சாதாரண மானோமீட்டர் அங்கே திணறும். ஆனால் உங்களுக்குச் சுவரருகே வேண்டியதோ அந்த வேகங்கள்தான். மூன்றாவது அலகில் சராசரி 1.2 மீட்டர், கண நேரத்துக்கு அதில் பாதிக்கும் கீழே இறங்கும். 3 மீட்டருக்கு மேல் எடுத்த கேலிப்ரேஷன் வளைவைக் கீழே நீட்டி வரைந்து பயன்படுத்துவது ஊகமே தவிர அளவீடாகாது. நீண்ட மெல்லிய குழாயில் கொந்தளிப்பில்லாத சீரான அடுக்கோட்டத்தை ஓடவிட்டால், அதன் மைய வேகம் மொத்த ஓட்டத்தின் சராசரியைப்போல் இரு மடங்கு என்பது உறுதியாகத் தெரியும். அந்த வழியில் குறைந்த வேகங்களுக்குத் தனியாக ஒரு வளைவு எடுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டு எண்கள் உதவும். ஏற்ற இறக்கத்தை அதே உயரத்தின் சராசரி வேகத்தால் வகுத்தால், சுவரை நெருங்கும்போது அது 0.4-ஐ ஒட்டிப் போக வேண்டும். 1988-இல் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர் காற்றிலும் எண்ணெயிலும் நீரிலும் அளந்து நிலைநாட்டிய மதிப்பு இது. உங்களுக்கு 0.25 வந்தால் கம்பி நீளத்தையோ சுவர் வெப்பத்தையோ சந்தேகியுங்கள். இரண்டாவது, 15-ஆவது அலகில் வேக மாறுபாட்டை (ஏற்ற இறக்கத்தின் வர்க்கச் சராசரியை) உராய்வு வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உங்கள் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கணினியில் சமன்பாடுகளை நேராகத் தீர்த்து வெளியிடப்பட்ட தரவுகளோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

லேசருக்கு மாறினால் தீருமா என்று கேட்டீர்கள். வெப்பப் பிரச்சினை தீரும், வேறு பிரச்சினைகள் வரும். லேசர் டாப்ளர் முறையில் இரண்டு கற்றைகள் சந்திக்கும் இடத்தில் ஒளிப்பட்டைகள் உருவாகும். அவற்றைக் கடக்கும் எண்ணெய்த் துளி மினுக்கும் அதிர்வெண்ணிலிருந்து வேகம் வரும். கேலிப்ரேஷன் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. ஒரு மைக்ரான் எண்ணெய்த் துளி காற்றின் மாற்றத்துக்கு 3 மைக்ரோவினாடியில் இசைந்துவிடும். உங்கள் ஓட்டத்தின் மிகச் சிறிய கால அளவு 90 மைக்ரோவினாடியை ஒட்டியது, எனவே துளி பின்தங்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அதே கால அளவில் வேகமான துளிகள் அதிக எண்ணிக்கையில் கடந்துபோகும். எல்லாவற்றையும் சமமாக எண்ணினால் சராசரி மேலே ஏறும். ஒவ்வொரு துளியும் கடக்க எடுத்த நேரத்தால் எடையிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். அளவிடும் கனபரிமாணம் நெல்மணி வடிவில் நீண்டிருக்கும். அதன் நீள அச்சு சுவருக்கு இணையாக, அகலவாட்டில் இருக்கும்படி ஒளியியலை வையுங்கள். சுவரருகே துளிகள் குறைவு என்பதால் அங்கே நீண்ட நேரம் காத்திருக்க நேரும்.

லேசர் ஒளியில் துளிகளை அடுத்தடுத்துப் படமெடுத்து, அவை நகர்ந்த தூரத்திலிருந்து வேகம் கணக்கிடும் பி.ஐ.வி.யை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். படங்கள் கண்ணைக் கவரும், ஓட்டத்தின் வடிவத்தை ஒரே பார்வையில் காட்டும், அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஒரு பிக்சல் 20 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 32 பிக்சல் கட்டம் 0.64 மி.மீ., அதாவது 17 அலகுகள். உங்கள் அடித்தள அடுக்கும் ஏற்ற இறக்கத்தின் உச்சமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தின் அடியில் வேகம் சுழியம், மேலே 4 மீட்டருக்கும் மேல். அதற்கு ஒரு சராசரி சொல்லி என்ன பயன்? அதோடு தாள்போல் விரித்த லேசர் ஒளி அலுமினியத்தில் பட்டுச் சிதறும் பளபளப்பு முதல் சில வரிசைப் பிக்சல்களை வெள்ளையாக்கிவிடும். சுவரில் ஒளிர்வண்ணம் பூசி, கேமராவில் வடிகட்டி போட்டு, துளிகளை ஒவ்வொன்றாகத் தொடரும் முறைக்கு மாறினால் சுவர்வரை போகலாம். அதற்கு உயர் உருப்பெருக்கமும் ஆயிரக்கணக்கான படங்களும் வேண்டும்.

படி வைத்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. படியின் பின்னால் ஓட்டம் பிரிந்து, படி உயரத்தைப்போல் ஆறேழு மடங்கு தூரத்தில் மறுபடி தகட்டில் வந்து சேரும். இடையில் காற்று பின்னோக்கி ஓடும். ஹாட்-வயருக்குத் திசை தெரியாது. பின்னோக்கி வரும் 2 மீட்டரையும் அது முன்னோக்கி 2 மீட்டர் என்றே காட்டும், நீங்கள் பிழையே இல்லாததுபோல் ஒரு வரைபடத்தைப் பெறுவீர்கள். அங்கே இந்த வயரைக் கொண்டுபோகவே வேண்டாம். லேசர் டாப்ளரில் ஒரு கற்றையின் அதிர்வெண்ணை பிராக் செல்லால் (ஒலி அலையைக் கொண்டு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் சாதனம்) நகர்த்திவிட்டால் திசை தெரியும். பி.ஐ.வி.யும் அந்தப் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே உங்களுக்கு வேண்டியது படி உயர அளவிலான அமைப்புகள், சுவர் அலகுகள் அல்ல. ஓட்டம் தகட்டில் மீண்டும் சேரும் புள்ளியில் சராசரி உராய்வே சுழியமாகிவிடுவதால் சுவர் அலகு என்ற அளவுகோலே அங்கே பொருளிழக்கும், மடக்கை விதியும் செல்லாது. தரவைப் படி உயரத்தாலும் வெளிக்காற்று வேகத்தாலும் வகுத்து வரையுங்கள். உராய்வுக்கு அங்கேயும் எண்ணெய்ப் படலமே கைகொடுக்கும். சொட்டு எந்தப் பக்கம் பரவுகிறது என்பதிலேயே திசையும் தெரிந்துவிடும். லேசர் ஏற்பாடு கிடைப்பதற்கு முன் படியின் பின்னால் வரிசையாக எண்ணெய்ச் சொட்டுகளை வைத்துப் பார்த்தால், ஓட்டம் எங்கே வந்து சேர்கிறது என்பதை ஒரே மதியத்தில் கண்டுவிடலாம். கேமராவை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.